சீட்டை மடித்துப் போட்ட பிறகு

விடுமுறைக்கு வீட்டில் 7 பிள்ளைகள் கூடியிருந்தார்கள், 6 வயதிலிருந்து 13 வரை. சாயங்காலம் சைக்கிளில் போவதா, கேரம் ஆடுவதா என்று தினமும் சண்டை. சரி, ஓட்டு வைத்துவிடலாம் என்று கையைத் தூக்கச் சொன்னேன். பெரியவன் சைக்கிளுக்குத் தூக்கினான். அவன் தங்கை, எல்லாரிலும் சின்னவள், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து தானும் தூக்கினாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது! சைக்கிளுக்கு 5, கேரமுக்கு 2.

மறுநாள் பழைய செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் போய் எழுதி, மடித்துப் போட வேண்டும். எண்ணினால் கேரமுக்கு 4, சைக்கிளுக்கு 3. அதே 7 பேர்தான்.

அப்போதுதான் பழைய கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். நிலத்துக்காரர் காதில் விழும், பிறகு குத்தகை போய்விடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856-லேயே ரகசிய வாக்குச்சீட்டு வந்துவிட்டது. இங்கிலாந்துக்கு 1872-ல்தான். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, முந்தின நாள் கை தூக்கியது அவர்களுக்கு நினைவிருந்தது.

ராத்திரி நானே ஒரு தப்புச் செய்தேன். "நீ எதுக்கும்மா போட்ட?" என்று சின்னவளிடம் கேட்டுவிட்டேன். "யாரும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான அத்தை சொன்னீங்க?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். விரும்பினால் நீயாகச் சொல்லலாம், சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் சொன்னேன். இதைப் பெற்றோர் பலரும் விட்டுவிடுகிறோம்.

"எங்களுக்கு ஏன் நிஜ ஓட்டு இல்ல?" என்று பெரியவன் கேட்டான். ஆஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதிலேயே உண்டு என்றேன். சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் ஓட்டு கிடைத்ததே 1971-ல்தான் என்றதும் பெண் பிள்ளைகள் நம்பவில்லை.

தோற்றதில் அவனுக்கு வருத்தம். ஆனாலும் மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தான்: 'வாரத்தில் 2 நாள் சைக்கிள் வேண்டும்.' ஒவ்வொருவரிடமும் பேசிக் கையெழுத்து வாங்கினான். ஓட்டைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சின்னவள் மட்டும் போடவில்லை. "யோசிக்கணும்ணா," என்றாள். அவன் பேனாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.