பழைய செஸ்னா 152 சிறு விமானம்: ஒரு சிலிண்டரை மாற்றுவதா, எஞ்சினையே பிரிப்பதா?

கேள்வி (பாளையங்கோட்டை):
நண்பர்கள் நால்வர் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் விமானத்தின் லைகோமிங் ஓ-235 எஞ்சின் 1,900 மணி நேரம் ஓடியிருக்கிறது. அண்மையில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று சோதித்தபோது, மூன்று சிலிண்டர்களில் 74-க்குக் குறையாமல் நின்றது. நான்காவதில் 54-க்கு இறங்கிவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி (தூத்துக்குடி):
அண்ணாச்சி, காற்று எவ்வழியே கசிகிறது என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். புகைபோக்கியில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி மறுபடி அளக்காமல், ஒரே ஓர் அளவை நம்பிச் சிலிண்டரைக் கழற்றிவிடாதீர்கள். ஆடி மேல்காற்றில் தேரிமணல் பறக்கும் நம் பக்கத்தில் காற்று வடிகட்டியையும் பார்ப்பது நல்லது.

மறுமொழி (வள்ளியூர்):
நான் அதிகம் அஞ்சுவது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை எண்ணித்தான். இந்த எஞ்சினில் அது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருப்பதால், வாரக்கணக்கில் பறக்காமல் நின்றால் எண்ணெய் வடிந்து, உப்புக்காற்றில் துரு ஏறிவிடும்; பிறகு அது தேய்ந்து இரும்புத் துகள் உதிரும். எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள்கள் உள்ளனவா என்று பாருங்கள். நிறைய இருந்தால் சிலிண்டருக்குப் பணம் செலவிடாமல் எஞ்சினைப் பிரித்துவிடுவதே சரி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. புகைபோக்கியில்தான் சீறியது. சூடாக்கி மறுபடி அளந்து, போர்ஸ்கோப்பால் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி) வால்வைப் பார்த்து, வடிகட்டியையும் திறக்கும்படி உரிமம் பெற்ற பொறியாளரிடம் கேட்டிருக்கிறோம்.