20 எம்.எம். ஜல்லியில் தட்டைக் கல்லும் தூசியும்: தளத்துக்கு ஆகுமா, வடிகாலுக்கு ஆகுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வீட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே கரிசல் மண் நிலத்தில் வீடு கட்டி வருகிறோம். 5 அங்குலத் தளத்துக்குக் கான்கிரீட் போடவேண்டிய நேரத்தில், இரண்டு இடங்களிலிருந்து வாங்கிய 20 எம்.எம். ஜல்லி இரண்டு விதமாக இருக்கிறது. முதல் லோடு நாலாபுறமும் முனையுள்ள, தடித்த கல். இரண்டாவது லோடில் சில்லுச் சில்லாகத் தட்டைக் கற்கள் நிறைய உள்ளன. கையில் எடுத்தால் உள்ளங்கை முழுவதும் வெள்ளையாகத் தூசி ஒட்டுகிறது. தண்ணீர் விட்டு அடித்தால் போதும், எல்லாம் ஒரே கல்தான் என்று விற்றவர் சொல்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டின் பின்புறம் 6 அடி உயரத் தாங்கு சுவர் ஒன்று முன்பே கட்டப்பட்டிருக்கிறது. அதன் பின்னால் கிரஷர் தூசி கலந்த ஜல்லியைத்தான் கொட்டியிருக்கிறார்கள். மழை தொடங்கியதும் சுவரின் நீர்த் துளைகளில் கறுத்த சேறு வழிந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது சுவர் முகம் எப்போதும் ஈரமாகவே உள்ளது. இரண்டாவது லோடைத் திருப்பி அனுப்புவதா, அல்லது தளத்துக்கு வேண்டாமென்று சுவரின் பின்னால் போட்டுவிடலாமா? ஆய்வகத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கட்டுமானப் பொறியாளர், பொள்ளாச்சி

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு வேலைகள். இரண்டுக்கும் வேண்டிய கல்லும் வேறு. கான்கிரீட்டுக்குப் பெரிய கல்லின் சந்தில் சின்னக் கல்லும், சின்னக் கல்லின் சந்தில் மணலும் போய் உட்காரவேண்டும். வெற்றிடம் குறையக் குறைய சிமெண்டும் தண்ணீரும் குறைவாகவே போதும். வடிகாலிலோ அந்த வெற்றிடம்தான் தண்ணீர் ஓடும் வழி. ஆகவே அங்கே ஒரே அளவான, தூசியற்ற கல் வேண்டும்.

முதலில் தட்டைக் கல்லைப் பார்ப்போம். மாதிரி எடுக்கும்போது குவியலின் அடியோரத்தில் மட்டும் அள்ளாதீர்கள். டிப்பர் கொட்டும்போது பெரிய கல் உருண்டு அங்கேதான் சேரும். ஐந்தாறு இடங்களில், மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து எடுத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 20 எம்.எம். சல்லடையில் விழுந்து 16 எம்.எம். சல்லடையில் நிற்கும் கற்களில் குறைந்தது 200 எண்ணி எடுத்து எடை போடுங்கள். அவற்றின் சராசரி அளவு 18 எம்.எம்.; அதில் 0.6 பங்குக்கும் மெலிந்த கல்லை இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2386 முதற்பகுதி தட்டைக் கல் என்று கணக்கிடுகிறது. ஒரு தகரத் துண்டில் 10.8 எம்.எம். அகலத்தில் நீளவாக்கில் துளை வெட்டி, ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். நுழைந்து விழுபவற்றின் எடை மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே விடை. தட்டைக் கல்லையும், நீளம் மிகுந்த நீட்சிக் கல்லையும் சேர்த்து 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஐ.எஸ். 383:2016 வைத்திருக்கும் வரம்பு. ஆய்வகத்தில் எல்லா அளவுப் பிரிவுகளையும் பார்ப்பார்கள். உங்கள் ஒரு பிரிவு லோடின் போக்கைக் காட்டும்.

தட்டைக் கல்லால் என்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே எடைக்கு அதன் மேற்பரப்பு அதிகம் என்பதால் கலவை இறுகி நிற்கும். கொத்தனார் தண்ணீர் ஊற்றுவார், பலம் போகும். அதோடு தளத்தில் அந்தக் கற்கள் படுக்கையாக அமர்ந்து, மேலே எழுந்துவரும் தண்ணீர் அவற்றின் அடியில் தேங்கிப் பலவீனமான இடங்களை உண்டாக்கும்.

தூசிக்கு: நன்றாக உலர்ந்த 5 கிலோ ஜல்லியை எடுத்து, கலங்கல் தெளியும்வரை கழுவுங்கள். கழுவிய நீரை மெல்லிய துணியில் வடித்து, துணியில் நின்ற பொடியையும் ஜல்லியோடு சேர்த்து உலர்த்தி எடை போடுங்கள். 75 மைக்ரானுக்கு (0.075 எம்.எம்.) நுண்ணிய பொருள் கருங்கல் ஜல்லியில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 5 கிலோவில் அது 50 கிராம். துணி சல்லடைக்கு ஈடாகாதுதான். ஆனாலும் 150 கிராம் குறைந்தால் வாதாட வேறொன்றும் தேவையில்லை. ‘தண்ணீர் விட்டு அடித்தால் போதும்’ என்பது தவறு. குவியலின் மேல் தண்ணீர் அடித்தால் தூசி கீழிறங்கி அடுத்த அடுக்கில் தங்குமே தவிர வெளியேறாது.

பதில்: மேஸ்திரி, கோபாலபுரம்

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தளத்துக்கு 20 எம்.எம். ஜல்லியை மட்டும் போடாமல், 20-ஐயும் 12-ஐயும் கலந்து போடுங்கள். ஆறுக்கு நான்கு என்பது வழக்கம். ஆனால் கல்லுக்குக் கல் மாறும். ஒரே வாளியில் வெவ்வேறு விகிதங்களில் கலந்து, ஒரே மாதிரி குத்தி நிரப்பி எடை போட்டால், எது அதிகம் கனக்கிறதோ அதில்தான் சந்து குறைவு. உத்தரமும் தூணும் சேரும், கம்பி நெருக்கமான இடத்தில் 12 எம்.எம். மட்டும் போடுவது நல்லது. 20 அங்கே சிக்கிக்கொண்டு, பலகை பிரித்ததும் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடுபோலத் தெரியும்.

அளவையும் கவனியுங்கள். உங்கள் கேரளப் பக்கம் கன அடிக் கணக்கு, எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் யூனிட் கணக்கு; ஒரு யூனிட் 100 கன அடி. வண்டியின் உட்புறத்தை டேப் வைத்து அளக்காமல் விலையை ஒப்பிடாதீர்கள்.

பதில்: ஆய்வகப் பணியாளர், கோவை

கல்லின் உறுதி தோற்றத்தால் மட்டும் தெரிவதில்லை. புதிதாக உடைந்த முகத்தில் பழுப்போ மஞ்சளோ படிந்திருந்தாலும், சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலும் அது பாறையின் மேலடுக்கிலிருந்து வந்த உளுத்த கல்லாக இருக்கக்கூடும். ஐயம் இருந்தால் மோதல் சோதனை செய்யச் சொல்லுங்கள். 14 கிலோ வரை எடையுள்ள சம்மட்டி 380 எம்.எம். உயரத்திலிருந்து 15 முறை விழும், 2.36 எம்.எம். சல்லடையில் இறங்கும் பொடி எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். தேய்மானம் படும் தரைக் கான்கிரீட்டுக்கு 30, மற்றவற்றுக்கு 45 என்பது மேல்வரம்பு.

எம்-சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். அதில் 75 மைக்ரானுக்கு நுண்ணிய பொடி 15 சதவீதம் வரை அனுமதி உண்டு. கண்ணாடிக் குடுவையில் உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் படியவிடும் சோதனை ஆற்று மணலுக்குச் சரி. எம்-சாண்டில் கல்மாவும் களிமண்ணும் ஒன்றாகவே படியும், இரண்டையும் அது பிரித்துக் காட்டாது. களிமண்தானா என்று அறிய மெத்திலீன் நீலச் சோதனை இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை வீட்டுக்காரர்

மிக்க நன்றி. இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்தேன். இரண்டாவது லோடில் தகரத் துளையில் விழுந்தவை மட்டுமே 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. கழுவியதில் 5 கிலோவுக்கு 130 கிராம் குறைந்தது. முதல் லோடு இரண்டிலும் தேறியது. விற்றவர் பாதியை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். மீதி இங்கேதான் கிடக்கும். அதைச் சுவரின் பின்னால் போடலாமா?

பதில்: கட்டுமானப் பொறியாளர், பொள்ளாச்சி

வடிகாலுக்குக் கல்லின் உருவம் அவ்வளவு முக்கியமில்லை. உறுதியாக இருந்தால் தட்டைக் கல்லும் பரவாயில்லை. தூசிதான் ஆகாது. 10 எம்.எம். சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் கழுவி, அதன்பின் போடுங்கள். 10 லிட்டர் வாளி நிறைய அந்த ஜல்லியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் 4 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கவேண்டும். சலிக்காத, தூசியோடு கூடிய ஜல்லியில் இதே சோதனையைச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கல் எவ்வளவு சுத்தமானாலும் கரிசல் மண்ணைத் தனியாகத் தடுக்காது. வடிகட்டும் அடுக்கின் எடையில் 15 சதவீதம் எந்த அளவைவிடச் சிறியதோ அந்த அளவு, மண்ணின் எடையில் 85 சதவீதம் எந்த அளவைவிடச் சிறியதோ அதைப்போல் 5 மடங்குக்குள் இருக்கவேண்டும் என்பது மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி காட்டிய வழியில் வந்த விதி. கரிசல்போன்ற களிமண்ணின் பக்கத்தில் ஜல்லி அந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது. உங்கள் சுவரில் முதலில் சேறு வழிந்ததும் பிறகு நின்றதும் இதனால்தான்: மண் கல்லின் சந்துக்குள் இறங்கி, ஏற்கெனவே இருந்த தூசியோடு சேர்ந்து அடைத்துவிட்டது. பழையதை முழுவதும் அள்ளிவிட்டு, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும், நெய்யாத வகை ஜியோ துணியை விரித்து, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாயை 100 அடிக்கு 1 அடிச் சரிவில் வைத்து, ஜல்லி நிரப்பித் துணியை மேலே ஓரடி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து மூடுங்கள். மழைக்கு முன் சுவரின் பின்னால் முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டாமல், பகுதி பகுதியாகச் செய்வது பாதுகாப்பு.

பதில்: மேஸ்திரி, கோபாலபுரம்

கழுவுகிற கூலியைக் கணக்குப் பார்த்தால் சுத்தமான 40 எம்.எம். ஜல்லி புதிதாக வாங்குவதே சில சமயம் மலிவாக முடியும். கிடக்கும் ஜல்லியை வாசலில் போடும் சாதாரண கான்கிரீட்டுக்குக் கழுவி, முதல் லோடோடு கலந்து பயன்படுத்தலாம். உடைத்த பழைய கான்கிரீட்டை மட்டும் வடிகாலில் போடவேண்டாம். அதிலிருந்து கரையும் சுண்ணாம்பு குழாயின் துளைகளில் படிந்து இறுகும்.

கொழிஞ்சாம்பாறை வீட்டுக்காரர்

40 எம்.எம். வாங்கிவிடுகிறேன். குழாயின் கடைவாய் பக்கத்து வயல் வாய்க்காலில் விழுமாறு இருந்தால் போதுமா?

பதில்: கட்டுமானப் பொறியாளர், பொள்ளாச்சி

வாய்க்கால் நிறைந்து ஓடும்போது அதன் நீர்மட்டத்துக்கு மேலே கடைவாய் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பிச் சுவருக்கே வரும். எலி புகாதபடி கம்பி வலை கட்டுங்கள். குழாயின் மேல்முனையில் மூடியோடு ஒரு நிமிர்ந்த குழாயை வைத்துவிட்டால், ஆண்டுக்கொருமுறை தண்ணீர் விட்டு அலசிக்கொள்ளலாம்.