பாட்டாளிக் கட்சி ஏன் எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிடுவதில்லை?

கேள்வி:
1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய பாட்டாளிக் கட்சி, 2025 பொதுத் தேர்தலுக்குப் பின் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் எஞ்சியிருக்கும் ஒரே எதிர்க்கட்சி. ஆயினும் அத்தேர்தலின் 97 இடங்களில் 26க்கு மட்டுமே அது வேட்பாளர்களை நிறுத்தியது. ஆட்சியைப் பிடிக்கும் எண்ணமே அதற்கு இல்லையா?

மறுமொழி 1:
எண்ணம் இல்லை என்பதைவிட அவசரம் இல்லை என்பதே பொருந்தும். அங்கே தொகுதியை வென்றவர்கள் நாடாளுமன்றத்தில் பேசினால் மட்டும் போதாது. நகர மன்றத்தையும் அவர்களே நடத்த வேண்டும் என்பதால், தாழ்வாரத்து விளக்கு முதல் மின்தூக்கிப் பழுதுவரை எல்லாம் அவர்கள் தலையில்தான் விடியும். போதாக்குறைக்கு, ஆளுங்கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே மேம்பாட்டுப் பணிகளில் முன்னுரிமை என்று 1997 தேர்தலின்போது அரசாங்கம் வெளிப்படையாகவே சொன்னது. அப்படியும் 1991இல் கட்சியின் லோ தியா கியாங் வென்ற ஹவ்காங் தொகுதி இன்றுவரை கைநழுவவில்லை. 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியின் (ஒரே அணியாக நின்று மொத்தமாக வெல்லும் தொகுதி) 5 இடங்களை வென்ற பிறகோ, நகர மன்றக் கணக்கு விவகாரம் நீதிமன்றம்வரை சென்று கட்சியைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. ஐந்து இடங்களுக்கே இந்தப் பாடு.

மறுமொழி 2:
இந்த நிதானத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. கட்சியின் தலைமைச் செயலாளராக இருந்த ஜே.பி. ஜெயரத்தினம் 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்று, விடுதலைக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எதிர்க்கட்சி உறுப்பினரானார். (1961இல் மார்ஷல் வென்றதும் இதே ஆன்சன்தான்.) 1986இல் அவர் பதவியை இழந்தார், 1988 தேர்தலில் ஆன்சன் என்ற தொகுதியே இல்லை. ஒரே மனிதரின் துணிச்சலை நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதைக் கட்சி அப்போதே பட்டறிந்தது. கொள்கையிலும் அதே அளவான போக்குதான்: 2020இல் 1,300 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் கேட்டார்களே தவிர, சந்தைப் பொருளாதாரத்தைக் கைவிடச் சொல்லவில்லை.

கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. ஆனால், மூன்றில் ஒரு பங்கு இடங்களை வெல்வதே இலக்கு என்று கட்சியின் தலைமைச் செயலாளர் என்ற முறையில் பிரித்தம் சிங் முன்பே கூறியிருக்கிறார். மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்படும் அரசமைப்புத் திருத்தத்தைத் தடுக்க 97இல் 33 இடங்களாவது வேண்டும். நிறுத்திய 26 பேரும் வென்றிருந்தாலும் அது கைகூடியிராதே?

மறுமொழி 1:
உண்மைதான். அந்தக் கணக்குக்கு என்னிடம் விடையில்லை. வென்றது 2020இல் கிடைத்த அதே 10 இடங்கள். தெம்பனிஸ் குழுத்தொகுதி சிறிய வித்தியாசத்தில் தவறியது.