ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) கார் ஆரம்பிக்கணும், பெங்களூருல எதுல இருந்து தொடங்குறது?

பொம்மனஹள்ளிக்காரன்:
வணக்கம் மக்களே. எங்க அபார்ட்மென்ட் பக்கத்துல ஒரு காலி சைட் இருக்கு, செம்மண்ணும் ஜல்லியுமா கிடக்கும், அங்க ஞாயித்துக்கிழமை ரெண்டு பசங்க ஆர்சி கார் ஓட்டுறதப் பாத்ததுல இருந்து எனக்கும் என் பொண்ணுக்கும் வீட்டுல இதே பேச்சுதான். அவளுக்கு 9 வயசு. பட்ஜெட் 15,000 வரைக்கும் போகலாம். பேட்டரியா பெட்ரோலா, பிரஷ்லெஸ்னா என்ன, ஒன்னும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அல்சூர்_ஆர்சி:
ப்ரோ, எந்த வண்டின்னு பாக்குறதுக்கு முன்னாடி எங்க ஓட்டப்போறீங்கன்னு பாருங்க, உங்களுக்கு அது ஏற்கனவே தெரிஞ்சிருச்சு. ஜல்லியில டூரிங் கார், டிரிஃப்ட் கார் எல்லாம் ஓடாது, அடிப்பாகம் தரையோட ஒட்டி இருக்கும். டிரக் இல்லனா பக்கி (மண்தரையில ஓட்டுறதுக்கான வண்டி) எடுங்க. நீங்க பெட்ரோல்னு சொல்றது பெரும்பாலும் நைட்ரோ, மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள், சத்தம் தாங்காது, அசோசியேஷன்ல ரெண்டாவது நாளே கூப்பிட்டுருவாங்க. எலக்ட்ரிக் போதும். மோட்டர் பிரஷ்டு போதும், அதாவது உள்ள பிரஷ் உரசி கரன்ட் போற வகை (பிரஷ்லெஸ்ல அந்த பிரஷ் இருக்காது), விலை கம்மி, வேகத்தையும் சமாளிக்கலாம். முக்கியமா ஹாபி கிரேடு வண்டியா (பொம்மைக் கடை வண்டி இல்ல) இருக்கணும், டிரிகரை எவ்ளோ அழுத்துறீங்களோ அவ்ளோதான் ஓடும், சக்கரத்தைத் தாங்குற ஒரு ஆர்ம் ஒடிஞ்சா அந்த ஆர்ம் மட்டும் வாங்கி மாட்டிக்கலாம். அதனால ஸ்பேர் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சுக்காம எதையும் ஆர்டர் பண்ணாதீங்க.

கேஆர்புரம்_க்ராலர்:
சின்னப் பொண்ணோட ஓட்டுறதுனா நான் க்ராலர்தான் சொல்லுவேன் சார். நடக்குற வேகத்துல போகும், ரெண்டு பக்க சக்கரமும் ஒன்னா சுத்துற மாதிரி ஆக்ஸில் லாக் ஆகியிருக்கும், அதனால ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னாலும் மத்தது கல்லைப் பிடிச்சு ஏறும். காலி சைட்ல கிடக்குற செங்கல், கான்கிரீட் துண்டு எல்லாமே உங்களுக்கு மலைதான். எந்தக் கல்லுல எந்த டயரை வைக்கணும்னு அவளே யோசிப்பா பாருங்க, அது வேகமா ஓட்டுறதுல வராது. மழை நாள்ல ஹால்ல நாலு புக்கை அடுக்கி ஓட்டலாம்.

ஒயிட்ஃபீல்ட்_அம்மா:
அண்ணா, 15,000ம் வண்டிக்கே போட்டுறாதீங்க, சார்ஜருக்கும் பேட்டரிக்கும் தனியா எடுத்து வைங்க. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரினா ஒரு செல் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழ இறங்கவிட்டா கெட்டுப்போகும், ஓட்டாம வைக்கும்போது 3.8 கிட்ட வைக்கணும். 2எஸ்னா ரெண்டு செல், பேட்டரி மேல 7.4 வோல்ட்னு போட்டிருக்கும் (ஃபுல் சார்ஜ் கணக்கு இல்ல), ஆரம்பிக்க அது தாராளம். எல்லா செல்லையும் ஒரே அளவுக்கு ஏத்துற பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம் வேணும். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்துல இருக்கணும், ராத்திரி போட்டுட்டு தூங்கவே கூடாது, உப்பின பேட்டரியை மறுபடி சார்ஜ் பண்ணாதீங்க. வீட்டுல குழந்தை இருக்குறதால இதை அழுத்திச் சொல்றேன்.

பொம்மனஹள்ளிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, க்ராலர்னு முடிவு பண்ணிட்டோம், பொண்ணு இப்பவே செங்கல் பொறுக்க ஆரம்பிச்சிட்டா. டூல்ஸ் என்ன வேணும்?

அல்சூர்_ஆர்சி:
1.5, 2, 2.5 எம்எம் ஹெக்ஸ் டிரைவர் (ஆறு மூலை ஸ்க்ரூவுக்கானது) நல்லதா வாங்குங்க, மட்டமானது ஸ்க்ரூ தலையை மழுக்கிரும். எஸ்பி ரோட்ல (நம்ம ஊரு எலக்ட்ரானிக்ஸ், டூல்ஸ் கடைத்தெரு) தேடிப் பாருங்க. மோட்டரைக் கழட்டி மாட்டுனா பினியனுக்கும் (மோட்டர்ல இருக்குற சின்ன பல்சக்கரம்) பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு பேப்பர் துண்டைக் குடுத்து அழுத்திப் பிடிச்சு ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டு, கையால சுத்தி பேப்பரை வெளிய எடுங்க. கிழியாம மடிப்பு மட்டும் விழுந்திருந்தா இடைவெளி சரி.