பிள்ளை வீட்டில் அடி வாங்குவதாகச் சொன்னால்: யாழ்ப்பாண அனுபவப் பகிர்வு

கந்தர்மடம் ஆசிரியை:
பிள்ளை வாய் திறந்தால் கேட்டுக்கொண்டிருங்கோ, விசாரிக்காதேங்கோ. "சித்தப்பாவோ அடிச்சவர்?" என்று நீங்கள் பெயரை எடுத்தால், அந்தப் பெயரை நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதாடுவார். "பிறகு?" என்ற ஒரு சொல் போதும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணவும் வேண்டாம். சொல்லத்தான் போகிறீர்கள், அந்தப் பிள்ளை பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது.

பிள்ளை வகுப்புக்குப் போனவுடன் கொப்பியில் திகதி, நேரம், இடம், பிள்ளையின் சொல் எல்லாவற்றையும் எழுதுங்கோ. "வயரை மடிச்சு அடிச்சவர்" என்றால் அதேதான் எழுத வேணும். "உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டுள்ளார்" என்று திருத்தினால் வயர் காணாமல் போய்விடும். மடித்த வயரின் தழும்பு தோலில் வளைவாக விழும். வழக்குக்காகக் காயங்களைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பது அதைத்தான்.

பருத்தித்துறை தாதி:
அந்தத் தழும்புக்கு எண்ணெய், மஞ்சள் பூசாமல் கூட்டிவாங்கோ. கண்டல் நாளுக்கு நாள் நிறம் மாறி மங்கிவிடும், ஆகையால் அடுத்த திங்கள் வரை வைத்திருக்க வேண்டாம். பொலிஸுக்குப் போய்த்தான் வர வேணும் என்றில்லை. நேரே வைத்தியசாலைக்கு வந்தாலும் அங்கிருந்து பொலிஸுக்கு அறிவிப்பார்கள். இரத்தம் பட்ட சட்டையைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போடுங்கோ. சொப்பிங் பைக்குள் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்துவிடும்.

கந்தர்மடம் ஆசிரியை:
அதிபர்மாருக்கும் ஒன்று. கூடுதலான பிழை நடப்பது உங்கள் அறையில்தான். வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், உப அதிபர், நீங்கள் என்று நாலு பேருக்கு ஒரு பிள்ளை ஒரே கதையைச் சொன்னால் நாலு விதமாகத்தான் வரும். பயந்த பிள்ளைக்கு அது இயல்பு, ஆனால் வழக்கில் அது முரண்பாடு. கொப்பியை வாசியுங்கோ, பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ. 1929க்கு எடுங்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, இரவிலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். அடித்தவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பினால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கோ. பராமரிப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 1995இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையின் 308ஏ பிரிவில் வரும் குற்றம். 2 முதல் 10 வருடம் வரை சிறை.

சாவகச்சேரி, நன்னடத்தைப் பக்கம்:
பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு விசாரிக்க அதுதான் உதவும்.

"முறையிட்டால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள்" என்ற பயத்தில்தான் பல அம்மம்மாமார் வாய் திறப்பதில்லை. இல்லம் கடைசி வழி. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, பொருத்தமான உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்தால் முடியும். ஆகவே அம்மம்மா முதல் தவணையிலேயே நீதிமன்றத்துக்கு வரட்டும். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். நீதிமன்றத்துக்காகப் பிள்ளையின் நிலையை விசாரிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வருவார். பிள்ளை எங்கே படுக்கும், எந்தப் பள்ளிக்கூடம் போகும், அடித்தவர் அந்த வீட்டுக்கு வந்து போகிறவரா என்று பார்ப்பார். வீடு சின்னது என்று வெட்கப்பட வேண்டாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.