மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம்: லேயில் ஒரு நாள் ஓய்வு போதுமா?

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நானும் என் துணைவியாரும் அவருடைய அண்ணனும் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்க முடிவு செய்திருக்கிறோம். மூவரும் திருச்சிக்காரர்கள். பர்வதமலையும் கொல்லிமலைப் படிகளும் எங்களுக்குப் பழக்கமானவை என்பதால் நடப்பதில் தயக்கம் இல்லை; ஆனால் இமயத்தில் இதுவரை கால் வைத்ததில்லை.

விடுப்பைக் கணக்கிட்டு ஒன்பது நாளில் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். முதல் நாள் டெல்லியிலிருந்து விமானத்தில் லே. இரண்டாம் நாள் ஓய்வோடு ஊர் பார்ப்பது. மூன்றாம் நாள் வண்டியில் சிலிங் சென்று அங்கிருந்து ஸ்கியூவுக்கு நடை. பிறகு ஒவ்வொரு நாளாக மார்க்கா, ஹங்கர், நிமாலிங். ஏழாம் நாள் கொங்மாரு கணவாயைக் கடந்து ஷாங் சும்தோவில் இறங்கி லே திரும்புவது. எட்டாம் நாள் கடைவீதி. ஒன்பதாம் நாள் விமானம்.

மைத்துனருக்கு 54 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மற்றபடி எங்களைவிட வேகமாக நடப்பவர். லேயில் ஒரு நாள் ஓய்வு போதுமா, வழிகாட்டி இல்லாமல் போகலாமா, நிமாலிங்கில் யாருக்காவது உடல்நிலை சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகள் என்னை உறுத்துகின்றன. போய் வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூழாங்கல்:

வணக்கம் ஐயா. இந்த வழியில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். முதல் முறை போனபோது என் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மூன்றாம் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த முதல் பயணத்தில் எங்கள் மூவரில் உடல்வலு மிகுந்தவர் என் கல்லூரி நண்பர்தான். ஹங்கரிலிருந்து நிமாலிங் வரை அவரே முன்னால் நடந்தார். மாலையில் கூடாரத்துக்குள் படுத்தவர் சோறு வேண்டாம் என்றார். களைப்பு என்று விட்டுவிட்டோம். இரவு ஏழு மணிக்கு வெளியே போக எழுந்தவர் காலணிக் கயிற்றை முடிச்சுப் போடத் தெரியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வழிகாட்டி ஹங்கர் ஊர்க்காரர். அவர் தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, அதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்டும்படி அடி வைத்து நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் நண்பர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். விடியட்டும் என்று யாரையும் வழிகாட்டி காத்திருக்க விடவில்லை. குதிரைமேல் உட்காரவைத்து, இருபுறமும் இருவர் பிடித்துக்கொள்ள, தலைவிளக்கு வெளிச்சத்தில் வந்த வழியே, ஹங்கருக்கும் நிமாலிங்குக்கும் இடையில் கூடாரமடிக்கும் இடமான தச்சுங்சேவுக்கு இறக்கினார். பாதி வழியில் நண்பர் தண்ணீர் கேட்டார். காலையில் ஹங்கரில் கஞ்சி குடித்தார்.

அன்றிரவு எங்கள் மனதில் தோன்றிய யோசனை என்ன தெரியுமா? கணவாய்க்கு அப்பால் இறங்கினால் வண்டிச் சாலை வந்துவிடும், அதனால் விடியற்காலையில் அவரை எப்படியாவது மேலே ஏற்றிக் கடத்திவிடலாம் என்பதுதான். நிமாலிங் சுமார் 4,800 மீட்டர். கொங்மாரு கணவாய் சுமார் 5,250 மீட்டர். நோயாளியை இன்னும் 450 மீட்டர் ஏற்றி, அதன்பின் ஒடுங்கிய ஓடைப் பாதையில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறக்க வேண்டும். ஹங்கரோ பின்னால் 800 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. ஆகவே நிமாலிங்கில் ஒருவருக்கு முடியாமல் போனால் வழி முன்னே இல்லை, பின்னேதான் என்பதை நீங்கள் மூவரும் வீட்டில் இருக்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில் இருட்டிலும் குளிரிலும் உட்கார்ந்து அதை விவாதிக்க யாராலும் முடியாது. வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: பாதை தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் இரவில் குதிரைக்காரரை எழுப்பத் தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும்.

அடுத்து லே. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். லே விமான நிலையமே 3,256 மீட்டர். நாம் ஏறிப் பழகிய எந்த மலை உச்சியையும்விட உயரத்தில், ஒன்றேகால் மணி நேரப் பறப்பில், எந்தப் பழக்கமும் இல்லாத உடலோடு போய் இறங்குகிறோம். கொல்லிமலைப் படிகள் காலுக்கும் மூச்சுக்கும் கொடுத்த பயிற்சி நல்லதுதான், ஆனால் அது இரத்தத்துக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. முதல் நாள் முழுவதும் படுக்கை, மெதுவான உலாவல். இரண்டாம் நாள் ஊருக்குள் சிறு நடை. மூன்றாம் நாள் சாந்தி ஸ்தூபியின் படிகள். நான்காம் நாள் காலையில் சிலிங். இதற்குக் குறைவாக நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வசதி உண்டு. சிலிங்கும் ஸ்கியூவும் லே நகரைவிடச் சற்றுத் தாழ்வானவை என்பதால் நடையின் தொடக்கம் உடலுக்கு இதமாக இருக்கும். ஆனால் வண்டித் தடம் இப்போது ஸ்கியூவைத் தாண்டி உள்ளே நீண்டுவிட்டது. நேரம் மிச்சம் என்று ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு மேலே வரை வண்டியில் போய்விட்டால் அந்த இதம் கை நழுவிப்போகும். அதேபோல் ஹங்கரிலிருந்து ஒரே நாளில் நிமாலிங் போகாமல், இடையில் சுமார் 4,250 மீட்டரில் உள்ள தச்சுங்சேவில் ஓர் இரவு கூடாரத்தில் தங்குங்கள். உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வதில் இதுவே முதன்மையானது.

விடுப்பு கிடைத்தால் போகும்போது ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் செல்வது இன்னும் நல்லது. 2,676 மீட்டரில் இருக்கும் கார்கிலில் ஓர் இரவு தங்கிப் போகலாம். மணாலி வழி அப்படியல்ல. இடையில் தங்குமிடமான சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் முதல் இரவிலேயே தலைவலியில் புரள வேண்டியிருக்கும்.

தேன்சிட்டு:

நான் பொது மருத்துவராகப் பணியாற்றுகிறேன். லடாக்கில் நடந்தும் இருக்கிறேன். கூழாங்கல் அவர்கள் சொன்ன நண்பருக்கு வந்தது மூளையில் நீர் கோக்கும் நிலையின் தொடக்கம். தலைவலி, குமட்டல், பசியின்மை மட்டும் இருந்தால் அது மலைநோயின் எளிய நிலை. அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்கலாம், மேலே மட்டும் போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கி இருமல் விடாமல் இருந்தாலோ அந்த மணி நேரத்திலேயே இறக்க வேண்டும். பின்னது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். இவை இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை.

மேலே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கும் 21 விழுக்காடுதான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. கொங்மாரு கணவாயில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். உடல் வேகமாக மூச்சுவிட்டு இதை ஈடுசெய்யப் பழகுவதற்குத்தான் நாட்கள் தேவைப்படுகின்றன. அந்தப் பழக்கத்தை விரைவுபடுத்த டயமாக்ஸ் எனும் அசெட்டசோலமைடு மாத்திரை உதவும்; பெரியவர்களுக்குத் தடுப்பு அளவாக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவது வழக்கம். விரல் நுனிகள் மரத்து ஊசி குத்துவது போலிருக்கும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் மைத்துனர் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். அவருடைய இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் செல்லுங்கள். அது சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால் டயமாக்ஸோடு சேரும்போது உடலில் நீரும் பொட்டாசியமும் குறையலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையாக இருந்தால் ஏற்றத்தில் அவர் வழக்கத்தைவிட விரைவில் களைப்பார். தாமாக மாத்திரையை நிறுத்துவது எதற்கும் தீர்வாகாது. முதல் சில இரவுகள் தூக்கம் வராமல் போகும். அதற்காகத் தூக்க மாத்திரையோ மதுவோ வேண்டாம், இரண்டும் மூச்சை மந்தமாக்கும். வேகமாக நடப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அவரைக் கடைசியாக நடக்க விடுங்கள்.

வாற்கோதுமை:

பெரியவர்கள் முக்கியமானவற்றைச் சொல்லிவிட்டார்கள். விடுபட்ட சில நடைமுறை விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன். ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஆகிய ஊர்களில் வீடுகளிலேயே தங்கலாம். சமையலறைதான் அந்த வீடுகளின் இதயம்: நடுவில் இரும்பு அடுப்பு, சுவர் முழுக்கத் தேய்த்து அடுக்கிய செம்பு, பித்தளைப் பாத்திரங்கள், ஓரமாகத் தரையில் கம்பளம். கட்டைவிரலால் அழுத்திச் செய்த கோதுமை மாவுத் துண்டுகளைக் காய்கறியோடு வேகவைத்துத் தரும் ஸ்க்யூ நம் வாய்க்கு ஒத்துவரும். உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் முதல் மிடறில் பிடிக்காவிட்டாலும் மறுக்காமல் குடியுங்கள். அந்தக் குளிரில் அது உடம்புக்கு வேண்டியது.

கழிப்பறைகளைப் பற்றி நம்மவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை மாடியில் தரையில் துளையிட்ட உலர் கழிப்பறைகள். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓரத்தில் குவித்திருக்கும் மண்ணை மண்வெட்டியால் தள்ளிவிட வேண்டும். கீழே சேர்வது அடுத்த ஆண்டு வயலுக்கு உரமாகப் போகிறது. தண்ணீர் ஊற்றிவிட்டால் அது அழுகி அந்த வீட்டுக்காரர் பாடு திண்டாட்டமாகிவிடும். தண்ணீர் இல்லாமல் முடியாது என்றால் சிறு புட்டியோடு வீட்டைவிட்டு, ஓடையைவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

ஆற்றைச் சில இடங்களில் இறங்கிக் கடக்க நேரிடலாம். பனியாறு உருகும் நீர் என்பதால் காலையில் முழங்காலுக்குக் கீழே இருப்பது பிற்பகலில் தொடை வரை வந்துவிடும்; ஆகவே கடப்பதை முற்பகலிலேயே முடியுங்கள். வெறுங்காலோடு இறங்காமல் வார்ச்செருப்பு அணிந்து, பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி வையுங்கள். செப்டம்பரில் வெள்ளம் தணிந்திருக்கும், ஆனால் நிமாலிங்கில் இரவில் தண்ணீர்ப் புட்டி உறைந்துவிடும்; படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு லேயில் கிடைக்கும், பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அதற்காகச் செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கிப் போகாதீர்கள், உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். பணம் முழுவதையும் லேயிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து திட்டத்தைத் திருத்திவிட்டோம். லேயில் மூன்று இரவு, தச்சுங்சேவில் ஓர் இரவு, திரும்பியபின் விமானத்துக்கு முன் ஒரு நாள் கையிருப்பு என மொத்தம் 11 நாள் ஆகிறது. ஹங்கர் ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரையே கேட்டிருக்கிறோம். நிமாலிங்கில் மூவரில் ஒருவருக்கு முடியாவிட்டாலும் மூவரும் ஹங்கருக்குத் திரும்புவது, கணவாயைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். மைத்துனர் புதன்கிழமை மருத்துவரைப் பார்க்கிறார். அவர் எடுப்பது எந்த வகை மாத்திரை என்று தெரிந்ததும் தேன்சிட்டு அம்மாவுக்காக இங்கேயே எழுதுகிறேன்.