பந்தயக் களத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? இருங்காட்டுக்கோட்டையை முன்வைத்து

பூந்தமல்லிக்காரன்:
சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மனைவி, ஒன்பது வயது மகள், எழுபதை நெருங்கும் மாமியார் ஆகியோருடன் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயக் களத்தில் கழித்தேன். இதை அலுவலகத்தில் சொன்னபோது, "குழந்தையையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போகிற இடமா அது?" என்று இருவர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு அன்று சொல்லாத பதிலை இந்த இணைய மன்றத்தில் எழுதுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. தொலைக்காட்சியில் கேமரா வண்டியைத் துரத்திக்கொண்டே போவதால் வேகம் நமக்கு உறைப்பதில்லை. நேரில் நாம் ஓரிடத்தில் நிற்கிறோம், வண்டி நம்மைக் கடந்து போகிறது. முதலில் சத்தம் வருகிறது, பிறகு ஒரு புள்ளி தெரிகிறது, அந்தப் புள்ளி வண்டியாக உருப்பெறுவதற்குள் நம்மைத் தாண்டிவிடுகிறது. "வரும்போது கீச்சென்று கத்துகிறது, போகும்போது ஏன் கட்டைக் குரலாகிவிடுகிறது?" என்று மகள் கேட்டாள். நெருங்கி வருகிற ஒலியின் அலைகள் நெருக்கப்படும், விலகுகிற ஒலியின் அலைகள் நீளும் என்று நான் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த டாப்ளர் விளைவை, அடுத்த சுற்றில் அவளே கையை நீட்டி, "இதோ, இப்போது மாறும்" என்று முன்கூட்டிச் சொல்லிக் காட்டினாள்.

மாமியாருக்குப் பந்தயத்தின் விதி எதுவும் தெரியாது. இருந்தாலும், கடைசியில் வந்துகொண்டிருந்த ஒரு பைக்கின் எண்ணைப் பிடித்துக்கொண்டு, விரல்விட்டுச் சுற்றுகளை எண்ணியபடி, "பாவம், அந்தப் பையன் ஒருத்தனையாவது முந்தட்டும்" என்று பந்தயம் முடியும்வரை வேண்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாதமும் மோரும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பேரங்காடியிலோ கைபேசியிலோ கழிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

செவிக்காவல்:
நண்பரே, உங்கள் எழுத்தின் அழகுக்கு நான் எதிரி அல்லன். ஆனால் முழுப் பதிவிலும் ஒரு சொல்லைத் தேடினேன், அது இல்லை. குழந்தையின் காதுக்கு என்ன அணிவித்தீர்கள்?

செவித்திறன் பரிசோதனை செய்வது என் தொழில் என்பதால் கேட்கிறேன். தொழிற்கூடங்களில் வேலை செய்யும் பெரியவர்களுக்கே 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம்தான். பந்தய வண்டி அருகில் கடக்கும்போது 100 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அன்று இரவு காதுக்குள் ரீங்காரம் கேட்டு, மறுநாள் காலை அது நின்றுவிட்டால் "சரியாகிவிட்டது" என்று நினைக்கிறோம். சில நேரம் அது முழு உண்மை அல்ல. சேதம் மெல்லச் சேர்ந்துகொண்டே போய், பல ஆண்டுகள் கழித்து, கூட்டத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது புரியாதபோதுதான் தெரியவரும்.

எண்ணூர் வாத்தியார்:
காது மட்டுமா? இழையைத் தொடங்கியவர் புகழும் அதே களத்தில், 2023 ஜனவரியில் 59 வயதுப் பந்தய வீரர் ஒருவர் கார் விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தான். பதின்மூன்று வயது என்றால் நான் பாடம் நடத்துகிற எட்டாம் வகுப்பு. அந்தச் செய்தி வந்த வாரம் என் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

பந்தயத்தின் "சிலிர்ப்பு" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆபத்து நேரக்கூடும், ஆனால் நமக்கு நேராது என்ற நினைப்புத்தானே அது? பார்வையாளருக்கு நேராது என்பதும் எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டார்கள். அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் களப் பந்தயங்களையே பல பத்தாண்டுகள் தடைசெய்து வைத்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை இரவுகளில் பைக்கைச் சாய்த்து ஓட்டும் பிள்ளைகளுக்கு அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சோழவரத்துப் பழையவன்:
வாத்தியார் ஐயா, லெ மான் வரை போவானேன்? சோழவரத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ஆண்டுக்காண்டு பந்தயம் நடத்தியது. எழுபதுகளில் என் அப்பா என்னையும் அண்ணனையும் செங்குன்றம் வழியாகப் பேருந்தில் அழைத்துப் போவார். குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்து இளவரசர் காரோட்டுவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும். நாங்கள் நின்ற இடத்துக்கும் காருக்கும் இடையே இருந்தவை வைக்கோல் கட்டுகள், தகர உருளைகள், ஒரு கயிறு, அவ்வளவுதான். இன்று நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் ஓடுதளத்தில் கயிறு கட்டி நடத்தியது போதாது என்பதால்தான் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்டு 1990இல் திறக்கப்பட்டது. வண்டி தடம் மாறினால் வேகத்தை விழுங்குவதற்குச் சரளைப் பரப்பு, டயர் அடுக்குச் சுவர், கம்பிவேலி, அதற்கு அப்பால்தான் பார்வையாளர். நேற்றைய ஆபத்தை வைத்து இன்றைய களத்தை அளப்பது நியாயமாகத் தோன்றவில்லை. ஓட்டுபவருக்கு ஆபத்து உண்டு என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன்.

செட்டிபாளையத்து அம்மா:
கோவையிலிருந்து எழுதுகிறேன். என் மூத்த மகன் பதினைந்து வயதில் கார்ட் என்னும் சிறிய பந்தய வண்டியை ஓட்டுகிறான் என்பதால் நான் நடுநிலையானவள் அல்லள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் இது பணக்காரப் பிள்ளைகளின் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினை வைத்தே குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கே கட்டினார். லேத் பட்டறைக்காரர்களும் மெக்கானிக்குகளும் கற்றுக்கொண்டது அவர் கார் கட்டிய கொட்டகைகளில்தான். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்த பிறகு, செட்டிபாளையத்தில் எழுந்த களத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்க்காரர்தான்.

வாத்தியார் ஐயா சாலையில் சாகசம் செய்யும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். என் மகன் களத்தில் முதலில் கற்றது வேகத்தை அல்ல, கொடிகளை. மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நின்றுவிட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிட வேண்டும். மஞ்சள் கொடியின்போது முந்தியதற்காக ஒருமுறை தண்டனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அவிநாசி சாலையில் யாராவது சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால் இப்போது எனக்கு முன்னால் அவன்தான் திட்டுகிறான்.

இன்னொன்று. 2018–19 எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் கார்ப் பந்தயத் தொடரில் ஆண்களோடு போட்டியிட்டுப் பட்டம் வென்ற முதல் பெண்ணான பிரிட்டன் வீராங்கனை ஜேமி சாட்விக் அந்தப் பட்டத்தை உறுதிசெய்தது இருங்காட்டுக்கோட்டையில்தான். பெண் குழந்தையை அழைத்துப்போன நண்பருக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

எண்ணூர் வாத்தியார்:
அம்மா, உங்கள் மகன் பயிற்சி பெற்றவன். பயிற்சி பெறுபவனுக்குக் கொடியின் பொருள் தெரியும். படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் நூறு பிள்ளைகளுக்கு முறுக்கிய ஆக்சிலரேட்டர் மட்டுமே தெரியும். ஒருவனை வைத்து நூறு பேரைக் கணக்கிட முடியாது. அதே தர்க்கப்படி, கடற்கரைச் சாலையில் பறக்கிற பிள்ளைகள் பந்தயத்தைப் பார்த்துத்தான் கெட்டார்கள் என்று நிரூபிக்க என்னிடமும் சான்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இழையைத் தொடங்கியவரிடம் ஒரு நேர்க்கேள்வி: அன்று உங்கள் மகள் கண்ணெதிரே ஒருவர் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

சும்மா வந்தவன்:
இடையில் ஒரு சொல். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் நடந்த இரவுப் பந்தயத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய அது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. மருத்துவமனைகள் அருகில் இருக்கும் பொதுச் சாலையை மூடிப் பந்தயம் நடத்துவதை நான் அப்போதும் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். ஊருக்கு வெளியே தனக்கென இடம் ஒதுக்கிக்கொண்ட களத்தில், விரும்புகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பார்ப்பதில் எனக்கு வழக்கில்லை.

பூந்தமல்லிக்காரன்:
இருவருக்குப் பதில் கடன்பட்டிருக்கிறேன்.

செவிக்காவல் நண்பருக்கு: எதுவும் அணிவிக்கவில்லை. முதல் பந்தயம் தொடங்கியதும் மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் பஞ்சைத் திணித்துவிட்டு, போதும் என்று நினைத்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது.

வாத்தியார் ஐயாவுக்கு: நீங்கள் "விழுந்திருந்தால்" என்று கேட்டீர்கள். விழுந்தார். நான் முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுதினால் அலுவலக நண்பர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம்தான்.

பிற்பகலில் ஒரு பைக் வீரர் வளைவில் சறுக்கினார். வண்டி ஒரு பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, அவர் இன்னொரு பக்கம் உருண்டார். சிவப்புக் கொடி காட்டப்பட்டது. அதுவரை காதைக் கிழித்துக்கொண்டிருந்த எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கியபோது, அந்தப் பக்கத்துப் பனைமரங்களில் காற்று அசையும் சத்தம் அன்று முதல்முறையாகக் கேட்டது. களத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும், ஆரஞ்சு உடை அணிந்த மார்ஷல்கள் தடுப்பைத் தாண்டி ஓடினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் வீரரைப் பார்க்காமல், அவருக்கு முதுகைக் காட்டியபடி, பின்னால் வருகிறவர்களுக்குக் கொடியை வீசிக்கொண்டே நின்றார். ஆம்புலன்ஸ் நகரத் தொடங்குவதற்குள் வீரர் எழுந்து உட்கார்ந்தார், பிறகு நொண்டியபடி நடந்தார். கைதட்டல் எழுந்தது. மாமியார் என் மகளின் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பது, பிடியை விட்ட பிறகு தெரிந்த சிவந்த தடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் வென்றவர் பெயரைக் கேட்கவில்லை. "திரும்பி நின்றாரே ஒருவர், அவருக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டாள். மார்ஷல்களில் பலர் தன்னார்வலர்கள் என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எண்ணூர் வாத்தியார்:
அந்த வீரர் எழுந்திராவிட்டால்?

பூந்தமல்லிக்காரன்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. எழுந்துவிட்டதால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது என்பது எனக்கே தெரியும்.

செவிக்காவல்:
மறுபடி போவீர்கள் என்று தெரிகிறது. அப்படியானால் இவற்றையாவது கேளுங்கள். பஞ்சு ஒலியை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. பெரியவர்களுக்கான காதுச் செருகிகள் குழந்தைகளின் சிறிய செவித்துளையில் சரியாக அடைவதில்லை. தலைக்கு மேல் பட்டையோடு காதை முழுவதும் மூடுகிற, குழந்தை அளவிலான காதடைப்பானை வாங்குங்கள். காதடைப்பானின் விளிம்புக்கும் தலைக்கும் இடையே கூந்தலோ கண்ணாடிக் காம்போ இடைவெளி விட்டால் பயன் குறைந்துவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும் என்பதால், வேலியோரத்தை விட்டு மேல்படிக்கு ஏறி உட்காருங்கள். பந்தயங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் வண்டிகளை விட்டுத் தள்ளிப் போய்க் காதுக்கு ஓய்வு கொடுங்கள். கைக்குழந்தைகளை யாரும் அழைத்துப் போக வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சோழவரத்துப் பழையவன்:
என் இடது காது சரியாகக் கேட்காததற்கு வயதுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சோழவரத்தில் நான் எப்போதும் அப்பாவுக்கு வலப்பக்கம் நிற்பேன். ஓடுதளம் எனக்கு இடப்பக்கம் இருக்கும். செவிக்காவல் ஐயா, உங்களிடம் பரிசோதனைக்கு வர எப்படி நேரம் வாங்குவது என்று தனிமடலில் சொல்லுங்கள்.

எண்ணூர் வாத்தியார்:
மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, பூந்தமல்லி நண்பரே. என் கருத்து மாறவில்லை: பத்துப் பன்னிரண்டு வயதுக்கு முன்னால் வேண்டாம் என்பேன். ஆனால் அந்தத் திரும்பி நின்ற மார்ஷலைப் பற்றி நாளை வகுப்பில் சொல்லப் போகிறேன். உங்கள் மகளின் கேள்வியோடு சேர்த்து. அனுமதி உண்டா?

பூந்தமல்லிக்காரன்:
தாராளமாகச் சொல்லுங்கள், ஐயா. காதடைப்பான் இரண்டு வாங்கியாயிற்று. மகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. கடையில் கறுப்பும் நீலமும் இருந்தன. ஆரஞ்சு நிறம் வரும்வரை காத்திருக்கலாம் என்று இருவரும் சொல்லிவிட்டதால் மறுநாள் இன்னொரு முறை போக வேண்டியதாயிற்று.